ஊவா மலை நீரும் ஒரு பொருளியற் பேராசிரியையும்

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் புகைவண்டியிற் செல்பவர், ஹாலி-எலவையும் தெமோதரையையும் கடந்து எல்லப் பக்கம் வருவதற்குள் ஒரு பெரிய எல்லையைத் தாண்டிவிடுகின்றார். அதனை அறிவிக்கும் பலகை எதுவும் அங்கே இல்லை. இப்பாற் பெய்யும் மழை பதுளை ஓயாவிற் சேர்ந்து, மகாவலியோடு கலந்து, கொட்டியாரக் குடாவில் விழுகின்றது. அப்பாற் பெய்யும் மழை எல்லக் கணவாயின் வழியே இறங்கிக் கிரிந்தி ஓயாவாகி, வெல்லவாயையும் தணமல்விலையையும் கடந்து, திஸ்ஸமஹாராமையின் வயல்களை நாடித் தென்கடலுக்குப் போகின்றது. பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளின் மழையோ கல்லோயா என்னும் பெயர் தாங்கி, இங்கினியாகலையிற் சேனநாயக்க சமுத்திரத்தை நிரப்பி, கீழ்மாகாணத்தின் நெல்லை விளைவித்த பின்னரே கடலைக் காண்கின்றது. தேயிலைச் செடியின் வேரை நனைத்த நீர், எத்தனையோ கல் தொலைவிலே முன்பின் அறியாத மக்களின் சோறாகின்றது.

இந்த மூன்று ஆறுகளில் இரண்டின் நீர்ப்பங்கீட்டை, அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவர் 1990ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே ஆராய்ந்திருக்கின்றார் என்பது இந்நாட்டிற் பலரும் அறியாத செய்தி. எலினோர் ஒஸ்ட்ரம் என்பது அவர் பெயர். பொருளியலுக்கான நோபெல் பரிசை 2009ஆம் ஆண்டில் ஒலிவர் வில்லியம்சனோடு பகிர்ந்துகொண்டார். அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே.

அவர் 1933ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே பிறந்தவர். வசதி குறைந்த குடும்பம். பள்ளியிற் படித்த காலத்தில் திரிகோண கணிதம் பயில அவருக்கு இடங்கொடுக்கவில்லை. பெண்பிள்ளைக்கு அது எதற்கு என்பதே அக்காலத்து எண்ணம். பின்னர்ப் பல்கலைக்கழகத்திற் பொருளியற் கலாநிதிப் பட்டத்துக்கு முயன்றபோது, கணிதம் போதாது என்ற காரணத்தால் வாயில் அடைபட்டது. ஆகவே அரசியல் விஞ்ஞானத் துறையிற் சேர்ந்து 1965ஆம் ஆண்டில் கலாநிதியானார். கதவை ஒருவர் அடைத்துவிட்டுப் பிறகு ஏன் உள்ளே வரவில்லை என்று மற்றொருவர் கேட்கும் விந்தை, பெண் கல்வியின் வரலாற்றில் இந்த ஒரு முறை மட்டும் நிகழ்ந்ததன்று.

அவருடைய கலாநிதிப்பட்ட ஆய்வின் பொருள் கிணற்று நீர். லொஸ் ஏஞ்சலிசுக்கு அருகே நிலத்தடியில் ஒரு பெரும் நீர்த்தேக்கம் உண்டு. நகரங்களும், எண்ணெய்க் கம்பெனிகளும், நீர் விற்கும் கம்பெனிகளும் தத்தம் நிலத்திற் குழாய் இறக்கி இறைத்துக் கொண்டிருந்தன. நீர்மட்டம் தாழத் தாழ, கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவராயின. ஒருவர் மட்டும் இறைப்பைக் குறைத்தால், மிச்சமான நீர் அயலவரின் குழாய்க்கே போகும். ஆதலால் எவரும் குறைக்கவில்லை. இந்நிலையில், இறைப்பவர்கள் தாமே ஒரு சங்கம் கூட்டினர். நிலத்தடியின் உண்மை நிலையை அரசின் புவிச்சரித ஆய்வாளர் அளந்து எல்லோர்க்கும் பொதுவாக அறிவித்தனர். நீதிமன்றத்தின் முன்னிலையிற் பேரம் பேசி, ஒவ்வொருவரும் இறைப்பைக் குறைக்க உடன்பட்டனர். பிறரும் குறைத்தாலன்றித் தாம் குறைப்பதில்லை என்ற நிபந்தனையே அந்த உடன்பாட்டின் ஆணிவேர். பின்னர்க் கரையோரமாக நன்னீரை நிலத்துட் செலுத்திக் கடல்நீருக்கு அணையிட்டனர். இவற்றையெல்லாம் அருகிருந்து கண்டவர் ஒஸ்ட்ரம்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1968ஆம் ஆண்டில், கரெட் ஹார்டின் என்னும் உயிரியலறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலம் ஒன்று. ஒவ்வோர் இடையனும் மேலும் ஒரு மாட்டை ஓட்டி விடுகின்றான். இலாபம் அவனுக்கு, புல் குறையும் நட்டம் எல்லோர்க்கும். முடிவில் நிலம் பாழாகின்றது. ஆகவே பொதுச் சொத்தை அரசு ஆளவேண்டும், அன்றேல் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் வாதம். அரசாங்கங்களும் உலக வங்கியைப் போன்ற நிறுவனங்களும் இவ்வாதத்தை வேதவாக்காகப் பல காலம் கொண்டிருந்தன. ஒஸ்ட்ரம் அம்மையார் இதனை முழுதும் மறுத்தாரல்லர். அந்த இடையர்கள் ஒருவரோடொருவர் ஏன் பேசிக்கொள்ளவில்லை என்று கேட்டார். அது எளிய கேள்விதான். ஆயினும், விடை தேட ஏறத்தாழ இருபதாண்டு சென்றது.

விடையைத் தேடி அவர் உலகெங்கும் எழுதப்பட்ட ஊராய்வுகளைத் திரட்டினார். சுவிற்சர்லாந்திலே தோர்பெல் என்னும் மலைக்கிராமத்தார், குளிர்காலத்தில் எத்தனை பசுவுக்குத் தீனியிட முடியுமோ அத்தனை பசுவையே கோடையில் மலைமேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று 1517ஆம் ஆண்டிலேயே விதி செய்தனர். ஸ்பெயினில் வலென்சியா நகரத்து வாய்க்கால் விவசாயிகளின் நீர்மன்றம், வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலிற் கூடி, வழக்கறிஞரின்றி வாய்மொழியாகவே வழக்குத் தீர்த்து வருகின்றது. தமிழ் நேயர்களுக்கு இவை அந்நியமாகத் தோன்றா. கீழ்மாகாணத்து வயல்களில் வட்டை விதானை நீர் முறை பார்த்த காலம் முதியோர் அறிந்ததே. மழை பொய்த்த ஆண்டிற் குளத்தின் கீழுள்ள வயலிற் சிறு பகுதியை மட்டும் எல்லோரும் பங்கிட்டு விதைக்கும் பெத்ம என்னும் வழக்கம், வன்னியிலும் இராசரட்டையிலும் அறியப்பட்ட பழைய முறை. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானை பதவியை ஒழித்தபோது, குத்தகைக் குடியானவனுக்கு நன்மை செய்ய வேண்டும் என்ற நோக்கம் நல்லதே. எனினும், நீரைப் பங்கிடுவதற்கென்று வாய்க்காலோரம் ஒருவர் நின்ற ஏற்பாடும் அதனோடு போயிற்று.

நீண்டகாலம் நிலைத்த பொது ஏற்பாடுகளில் எவை பொதுவாகக் காணப்படுகின்றன என்று வகுத்து, எட்டு இயல்புகளை ஒஸ்ட்ரம் குறித்தார். எட்டையும் இங்கு ஒப்புவிக்கத் தேவையில்லை. உரியவர் யார், எல்லை எது என்பது தெளிவாயிருத்தல். விதியால் ஆளப்படுபவரே விதியைத் திருத்தவும் வல்லவராதல். காவல் செய்பவர் அம்மக்களுக்கே பொறுப்புடையவராதல். முதற் பிழைக்குச் சிறு தண்டம், மீண்டும் செய்தாற் பெருந்தண்டம் என்னும் படிமுறை. இவற்றோடு ஏழாவதாக அவர் வைத்தது ஒன்றுண்டு. அம்மக்கள் தாமே கூடி விதி செய்யும் உரிமையை அரசு மறுக்கலாகாது என்பதே அது. ஊவாத் தோட்டங்களைப் பொறுத்தவரை, இந்த ஏழாவதே முதலாவதாக நிற்கத் தக்கது.

நேபாளத்திற் கண்ட ஓர் உண்மை மிகச் சுவையானது. மண்ணும் கல்லும் மரக்கொம்புமாக விவசாயிகள் தாமே கட்டிய வாய்க்கால்களிற் கடைமடை வரை நீர் போயிற்று. அரசு பெரும் பொருள் செலவிட்டுச் சீமெந்தினால் தலையணை கட்டிக்கொடுத்த இடங்களிற் பெரும்பாலும் தலைமடையாரே நீரைக் குடித்தனர். காரணம் யாது? மண்ணணை மழைக்கு மழை உடையும். அதைத் திரும்பக் கட்டத் தலைமடையானுக்குக் கடைமடையானின் கை வேண்டும். கைக்கு ஈடாக நீர் கொடுத்தான். சீமெந்து அணை உடையாதபோது, கடைமடையானின் கைக்குத் தேவையில்லாது போயிற்று. பொறியியலாளர் பலர் இன்றும் இதனை ஏற்கத் தயங்குவர். ஒஸ்ட்ரமும் சீமெந்து ஆகாது என்று சொல்லவில்லை. சீமெந்து வரும்போது பழைய பேரமும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதே அவர் கருத்தின் சாரம்.

அவர் கற்பித்த முறையும் தனி வகையானது. கணவர் வின்சென்ற் ஒஸ்ட்ரத்தோடு சேர்ந்து 1973ஆம் ஆண்டில் இந்தியானாவில் அரசியற் கோட்பாடும் கொள்கை ஆய்வும் பயிலும் ஒரு நிலையத்தை அமைத்தார். அதற்குப் பட்டறை என்றே பெயரிட்டார். மரத்தளபாடம் செய்யும் ஒரு தச்சரிடம் அவ்விருவரும் தொழில் பழகியவர்கள். ஆராய்ச்சியும் அவ்வாறே, பழகியவரும் பழகுபவரும் ஒரே மேசையில் நின்று செய்யும் கைத்தொழில் என்று கருதினர். பட்டறையில் ஒரு விளையாட்டு நடக்கும். மாணவர் சிலருக்கு வில்லைகள் கொடுத்து, பொதுத் தேக்கத்திலிருந்து எடுக்கலாம், மிஞ்சி எடுத்தால் எல்லோர்க்கும் குறையும் என்று விதி சொல்வர். பேசக்கூடாது என்றால், ஹார்டின் சொன்னபடியே தேக்கம் பாழாகும். சுற்றுக்குச் சுற்று பேசிக்கொள்ள விட்டாலோ, எடுப்பதும் அளவாகும், வாக்குத் தவறுபவரும் குறைவர். ஊவாவின் பள்ளிக்கூடங்களில் இதனைப் புளியங்கொட்டை கொண்டே நடத்தலாம், செலவில்லை. பரிசுப் பணத்தில் தமக்குரிய பங்கை அவர் அப்பட்டறைக்கே கொடுத்தார். 2012ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மறைந்தார். கணவரும் அதே மாதத்திற் காலமானார்.

இனி நம் நாட்டு ஆறுகளுக்கு வருவோம். கல்லோயாத் திட்டம் 1949ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. முப்பதாண்டுக்குள் இடக்கரை வாய்க்கால்கள் தூர்ந்து, மடைகள் உடைந்து, அதிகாரிகளும் விவசாயிகளும் ஒருவரையொருவர் நம்பாத நிலை வந்தது. 1981ஆம் ஆண்டில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகமும் இணைந்து இளம் பட்டதாரிகளை அங்கு அனுப்பின. கோணெற் பேராசிரியர் நோமன் அப்ஹொஃப் அம்முயற்சியை நெடுங்காலம் உடனிருந்து எழுதியவர். அனுப்பப்பட்டவர்கள் எதையும் கட்டவில்லை, எதையும் விநியோகிக்கவுமில்லை. வீடு வீடாகச் சென்று பேசினர். ஒரே வயல்வாய்க்காலில் நீர் பெறும் பத்துப் பதினைந்து குடும்பங்கள் கூடி, தம்முள் ஒருவரைப் பொறுப்பாளராக ஒருமனதாகத் தெரிந்தெடுக்கச் செய்தனர். அவ்வாண்டிற் குளத்தில் நீர் மிகக் குறைந்திருந்தது. சண்டை மூளும் என்று எதிர்பார்த்த இடத்தில், பல ஆண்டுகளாகத் துப்புரவு காணாத வாய்க்கால்களை விவசாயிகள் கூலியின்றி வெட்டித் துப்புரவாக்கினர்; முறைவைத்து நீர் பாய்ச்சினர். தலைமடையிற் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள். கடைமடையிலே தமிழ் பேசும் விவசாயிகளும் இருந்தனர். நாட்டின் பிற இடங்களில் இரு சாராரும் பிரிந்து கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், மேலேயிருந்தவர் நீரை மிச்சம்பிடித்துக் கீழே விட்டனர் என்பது இந்நாட்டின் வரலாற்றிற் பெரிய எழுத்துக்களில் எழுதத் தக்கது. அரசியல்வாதிகளின் உரைகளில் அது இடம்பெறுவது அரிது.

கிரிந்தி ஓயாவின் கதை வேறு. ஆற்றின் கீழ்ப்பகுதிக் குடியேற்றங்களில் நீர் ஏன் முறையாகப் பங்கிடப்படவில்லை என்பதை ஒஸ்ட்ரம் தம் நூலில் தோல்விகளின் வரிசையில் வைத்து ஆராய்ந்தார். ஒருவரையொருவர் அறியாத புதிய குடியேற்றவாசிகள். நீரைத் திருடினாலும் தண்டிக்கத் துணியாத அதிகாரிகள். தண்டிக்க முற்பட்டாலும் தடுத்துவிடும் அரசியற் செல்வாக்கு. இந்நிலையில் விதியைக் காப்பவன் ஏமாளியாகின்றான். பின்னர் 1980களில் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. ஆயினும் கணக்கிட்ட அளவு நீர் ஆற்றில் வரவில்லை. புதிய வயல்களுக்குப் பல போகங்கள் நீர் கிட்டவில்லை.

பதுளை மாவட்டத்திலேயே நல்ல சான்று ஒன்றுண்டு. 1993ஆம் ஆண்டு முதல் உலக வங்கியின் கடனுதவியோடு பதுளை, மாத்தறை, இரத்தினபுரி ஆகிய மூன்று மாவட்டங்களிற் சமூக நீர்வழங்கல் திட்டம் நடைபெற்றது. கிராமத்தார் சங்கம் அமைத்து, ஊற்றைத் தெரிந்து, குழாய் புதைக்கத் தம் உழைப்பைத் தந்து, பின்னர்க் கட்டணம் வசூலித்துத் தாமே நடத்தும் முறை அது. எல்லாச் சங்கங்களும் நிலைத்தன என்று சொல்ல முடியாது. ஆனால் குழாய் உடைந்தால் யாரிடம் சொல்வது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. சொல்ல வேண்டியவர் அடுத்த வீட்டிலேயே இருக்கின்றார்.

தோட்டத்தில் நிலை என்ன? லயத்து மக்களுக்குப் பொதுச் சொத்து என்பது புதிய சொல்லன்று. பீலிக்கரையிற் குடம் வைக்கும் முறை, விறகு பொறுக்கும் எல்லை, மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைவர் வசூலிக்கும் பணம், கணக்கை ஊர் நடுவே வாசிக்கும் வழக்கம் ஆகியவற்றிலே ஒஸ்ட்ரம் வகுத்த இயல்புகளிற் பாதி இருக்கின்றன. இல்லாதது நிலத்தின்மீது உரிமை. 1948ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமை போயிற்று. அது முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுடைமையாகி, 1992க்குப் பின் கம்பெனிகளின் பொறுப்பில் வந்தன. துரை மாறினார், கந்தோர் மாறிற்று; ஆனால் பீலிக்கு மேலேயுள்ள காட்டை வெட்டலாமா, கூடாதா என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் லயத்துக்கு நாற்காலி இல்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள்ளே சபை நிதியைச் செலவிடுவதற்கும் தடையாக இருந்தது. வாக்குரிமை இருந்தும், வாக்களித்துத் தெரிந்த சபை ஒரு குழாய் போட்டுக்கொடுக்க இயலாத விந்தை அது. 2018ஆம் ஆண்டிலே தான் அப்பிரிவு திருத்தப்பட்டது.

இதன் விலை எத்தகையது என்பதைக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டம் காட்டிற்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற வேளை அது. மாலையிலே திரும்பி வரப் பலருக்கு வீடுமில்லை, பெற்றோருமில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. அறிவு இல்லாமல் நேர்ந்த அழிவன்று அது. கலிபோர்னியக் கிணற்றுக்காரருக்கு நீர்மட்டம் தாழ்கின்றது என்ற அறிவு கிடைத்தவுடன் அதைக்கொண்டு பேரம் பேச அவர்களிடம் உரிமைப் பத்திரம் இருந்தது. லயத்துக் குடும்பத்துக்கோ வீடு வேலையோடு கட்டுண்டது. எழுந்து போகச் சொன்னால் எங்கே போவது? 2025 நவம்பரில் டித்வாப் புயலின் மழையாற் பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் சரிந்து உயிர்களைக் கொண்டபோது, அதே கேள்வி அதே சொற்களில் எழுந்தது.

ஒஸ்ட்ரத்தின் கோட்பாட்டுக்குத் தோட்டம் ஒரு கடுஞ்சோதனை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏறத்தாழச் சமவலிமை உடையவர் கூடிப் பேசும் இடங்களையே அவர் பெரிதும் ஆராய்ந்தார். ஒருவர் நிலத்தையும் வேலையையும் வீட்டையும் கையில் வைத்திருக்க, மற்றவர் கொழுந்துக்கூடையை மட்டும் வைத்திருக்கும் இடத்திற் பேச்சு எவ்வாறு சமமாகும்? இதற்கு அவர் நூலில் நிறைவான விடை இல்லை. ஆனால் விதியைச் செய்பவர் யார் என்று முதலிற் பார்க்கும் பழக்கத்தை அவரிடம் கற்கலாம்.

அப்பழக்கத்தோடு உமா ஓயாவைப் பார்க்க வேண்டும். வெலிமடைப் பக்கத்து மலைச்சரிவுகளில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் விளைவித்த மண்ணைச் சுமந்து வந்து மகாவலியிற் கொட்டும் ஆறு அது. ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் மண் நிறைவதற்கு அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஆற்றைப் புஹுல்பொலவிலும் டயரபாவிலும் மறித்து, பண்டாரவளைப் பக்கத்து மலைகளின் கீழே ஏறத்தாழப் பதினைந்து கிலோமீற்றர் நீளமான சுரங்கம் குடைந்து, 120 மெகாவாற்று மின்சாரம் எடுத்து, கிரிந்தி ஓயாப் படுகையில் விடுவதே திட்டம். ஈரானியக் கம்பெனி ஒன்று கட்டிற்று. 2014ஆம் ஆண்டின் இறுதியிற் சுரங்கத்துள் நீர் பீறிட்டது. மேலேயுள்ள ஊர்களிற் கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 யூனில் பண்டாரவளையில் மக்கள் பெருந்திரளாகக் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். நட்டஈடு வழங்கப்பட்டது, பவுசரில் நீர் கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. 2024 ஏப்பிரல் 24ஆம் திகதி திட்டம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது.

பொருளியலார் இத்தகைய திட்டத்தின் இலாப நட்டத்தை இரு நிரலில் எழுதுவர். மின்சாரத்துக்கு விலை உண்டு; தெற்கே விளையும் நெல்லுக்கும் விலை உண்டு. நின்றுபோன ஊற்றுக்கு எந்த விலையை எழுதுவது? பவுசரின் வாடகையை எழுதினாற் போதுமா? விடியற்காலையிற் கொழுந்துக்குப் போகுமுன் இரண்டு குடம் பிடித்து வைத்த பெண், மாலையிற் பவுசர் வரும்வரை காத்துநிற்கும் நேரத்தை எந்த நிரலிற் சேர்ப்பது? மலைக்கு வடக்கே விழுந்த மழையும் தெற்கே விழுந்த மழையும் வெவ்வேறு கடலுக்குப் போன காலம் முடிந்துவிட்டது. திஸ்ஸமஹாராமையில் நீரை எதிர்பார்க்கும் விவசாயியும், பண்டாரவளையில் ஊற்றை இழந்த குடும்பமும் இப்போது ஒரே வாய்க்காலின் தலைமடையாரும் கடைமடையாருமாவர். கலிபோர்னியருக்கு ஒரு நீதிமன்றமும், வலென்சியருக்கு ஒரு தேவாலய வாசலும், கல்லோயாவினர்க்கு வாய்க்காற்கரை மரநிழலும் இருந்தன. இவர்கள் இருவரும் சந்தித்துப் பேச வேண்டிய இடம் வெல்லவாயிலா, பண்டாரவளையிலா, அன்றிக் கொழும்பில் ஓர் அலுவலக அறையிலா?